கழுத்து புடிச்சுக்கிட்டா உள்ள என்ன நடக்குது, அத எப்படி தளர்த்தறது

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலைல அக்காகிட்ட இருந்து போன் வந்துச்சு, "தம்பி, கழுத்து ஒரு பக்கம் திரும்பவே மாட்டேங்குதுடா, பல்லு விளக்கி வாய் கொப்பளிக்க குனியக்கூட முடியல, கொஞ்சம் வர்றியா"ன்னு. அக்கா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன்ல வேலை பார்க்கறா. நான் போய் பார்த்தா உடம்பு முழுசும் திருப்பித்தான் என்னைப் பார்க்கறா, தலை மட்டும் தனியா திரும்பல, இடது தோள்பட்டை காது வரைக்கும் ஏறி நிக்குது. அம்மா அதுக்குள்ள தலகாணிய எடுத்து மொட்டை மாடில வெயில்ல போட்டுட்டாங்க, "ஏஞ்சாமி, ராத்திரி எப்படி படுத்த?"ன்னு கேட்டுக்கிட்டே உலக்கைய கழுத்து மேல வச்சு மெதுவா உருட்டிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்து வீட்டு அத்தை, "எங்க ஊர்ல சுளுக்கு எடுக்கறவர் ஒருத்தர் இருக்காரு, ஒரே இழுப்புதான், டக்குனு சரியாயிடும்"னு கூட்டிட்டுப் போக ரெடியா நின்னாங்க.

அங்க போகல. ஒரு பிசியோதெரபி மேடம்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவங்க அக்காவுக்கு சொன்னதையும், அதுக்கப்புறம் நான் தேடித் தேடி படிச்சு புரிஞ்சுக்கிட்டதையும் ஒண்ணா சேர்த்து எழுதறேன், ஏன்னா இந்த வலி வராத வீடே இல்ல, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாததாலேயே நாம அதுக்கு நேர் எதிரா ஏதாவது பண்ணி வச்சிடறோம்.

முதல்ல கழுத்து எப்படி இருக்குன்னு பார்த்துடலாம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மாதிரி 7 எலும்பு, அதுக்கு மேல நாலரைலருந்து அஞ்சு கிலோ வரைக்கும் எடை இருக்கற தலை. அஞ்சு கிலோ அரிசிப் பைய ஒரு குச்சி மேல நிறுத்தி வச்சு அது நாள் முழுக்க நாலாபக்கமும் திரும்பணும்னா எவ்ளோ கயிறு கட்டி இழுத்துப் புடிக்கணும், அந்த மாதிரிதான் கழுத்தச் சுத்தி சின்னதும் பெருசுமா நிறைய தசைங்க இருக்கு. தலைய இடது வலதா திருப்பறோமே, அதுல கிட்டத்தட்ட பாதி அசைவு மேல இருக்கற முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல மட்டுமே நடக்குது, மிச்சம் பாதியத்தான் கீழ இருக்கற எல்லாம் சேர்ந்து பங்கு போட்டுக்குது.

இந்த தசைகள்ல ஒண்ண மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, லெவேட்டர் ஸ்கேபுலேன்னு பேரு. உங்க வலது கைய இடது தோள் மேல போட்டு, முதுகுப் பக்கமா விரல விட்டீங்கன்னா தோள்பட்டை பலகை எலும்போட மேல் உள் மூலை ஒண்ணு தட்டுப்படும். அங்க அழுத்தினா நிறைய பேருக்கு ‘ஆ... அதேதான்'னு இருக்கும். அந்த மூலைலருந்து கிளம்பி கழுத்தோட மேல் நாலு எலும்பு வரைக்கும் போற பட்டை மாதிரியான தசை அது. காலைல கழுத்து புடிச்சுக்கிச்சுன்னு சொல்றப்போ பெரும்பாலும் இதுவும் இதுக்குப் பக்கத்துல இருக்கறதும்தான் இறுகியிருக்கும். நம்ம ஊர்ல இத "நரம்பு இழுத்துக்கிச்சு"ன்னுதான் சொல்றோம், ஆனா இழுத்துக்கிட்டது நரம்பு இல்ல, தசை. நரம்புல பிரச்சனைனா அது வேற மாதிரி பேசும், அத கடைசில சொல்றேன்.

சரி, ஏன் இறுகுது? இதுதான் முக்கியமான விஷயம். கழுத்துக்குள்ள ஏதோ ஒரு சின்ன மூட்டோ தசையோ ஜவ்வோ லேசா எரிச்சல் ஆயிருக்கும், ராத்திரி முழுக்க கோணலா படுத்ததால இருக்கலாம், முந்தின நாள் பூரா குனிஞ்சே வேலை பார்த்ததால இருக்கலாம், சில சமயம் காரணமே தெரியாது. உடனே உடம்பு என்ன பண்ணுது, அந்த இடத்த யாரும் அசைச்சிடக் கூடாதுன்னு சுத்தி இருக்கற தசைங்கள எல்லாம் இறுக்கிப் புடிக்க வைக்குது. அடிபட்ட குழந்தைய அம்மா அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கற மாதிரி, காப்பாத்தறதுக்காகத்தான் அந்த இறுக்கம். ஆனா தசை மணிக்கணக்கா இறுகியே இருந்தா அதுவே வலிக்க ஆரம்பிக்குது, வலிச்சா உடம்பு இன்னும் பயந்து இன்னும் இறுக்குது, இறுகினா இன்னும் வலி, இப்படி ஒரு வட்டமா சுத்த ஆரம்பிச்சிடுது. அதனாலதான் மேடம் அக்காகிட்ட திரும்பத் திரும்ப சொன்னாங்க, "எலும்பு எதுவும் விலகலம்மா, உங்க கழுத்து பயந்து போயிருக்கு, அதுக்கு அசையறது ஆபத்து இல்லன்னு நாம கொஞ்சம் கொஞ்சமா காட்டணும், அவ்ளோதான்"னு. அத கேட்டதுமே அக்கா முகத்துல இருந்த பாதி கலக்கம் போயிடுச்சு.

இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். பயந்துபோய் இறுகியிருக்கற ஒண்ண வேகமா இழுத்தா இன்னும் பயப்படும், அசைக்காமலே கட்டிப்போட்டு வச்சா பயம் போகாது. ரெண்டுக்கும் நடுவுலதான் வழி இருக்கு.

இழுக்கறதப் பத்தி முதல்ல சொல்லிடறேன், இதுல எனக்கு உண்மையிலேயே ரொம்ப கவலை. சுளுக்கு எடுக்கறேன்னு தாடைய ஒரு கைலயும் தலைய ஒரு கைலயும் புடிச்சு சடார்னு திருப்பறது, சலூன்ல தலை மசாஜ் முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ‘டக்டக்'னு நெட்டி எடுக்கறது, இதெல்லாம் தயவு செஞ்சு வேண்டாம். காரணம் இருக்கு. மூளையோட பின்பகுதிக்கு ரத்தம் கொண்டு போற ரெண்டு ரத்தக்குழாய் இந்த கழுத்து எலும்போட பக்கவாட்டு ஓட்டைங்க வழியாத்தான் மேல ஏறிப் போகுது, ஆறாவது எலும்புல நுழைஞ்சு முதல் எலும்பு வரைக்கும். தலைய வேகமா முறுக்கறப்போ, அபூர்வமாத்தான்னாலும், அந்த குழாயோட உள்சுவர் கிழிஞ்சு ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வர வாய்ப்பு இருக்கு. வேகமா முறுக்கினாத்தான்னும் இல்ல, 1993ல ஒரு அமெரிக்க நரம்பியல் டாக்டர், பியூட்டி பார்லர்ல தலை அலசறதுக்காக கழுத்த பின்னாடி சாய்ச்சு வச்சதுக்கு அப்புறம் பக்கவாத அறிகுறி வந்த 5 பெண்களப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதியிருக்கார். லட்சக்கணக்கான பேருக்கு ஒண்ணும் ஆகல, சரிதான், ஆனா அந்த ‘டக்' சத்தத்தால கிடைக்கறது கொஞ்ச நேர சுகம் மட்டும்தான், அதுக்காக அந்த அபூர்வத்துல மாட்டணுமா?

அம்மா பண்ணினதுல தப்பு ஒண்ணும் இல்ல. உலக்கை உருட்டறது மெதுவா பண்ணினா ஒரு வகை மசாஜ்தான், தோள்பட்டை சதை மேல மட்டும் உருட்டினா போதும், எலும்பு மேலயும் தொண்டைப் பக்கமும் வேண்டாம். தலகாணி வெயில்ல கிடந்ததால கழுத்து சரியாச்சான்னு கேட்டா, பொதுவா இந்த மாதிரி புடிப்பு ரெண்டு மூணு நாள்ல தளர ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல தானாவே போயிடும், அந்த நேரத்துல நாம எதப் பண்ணினாலும் அதுதான் சரி பண்ணின மாதிரி தெரியும். ஆனா தலகாணிய மாத்தணும்னு அம்மாவுக்குத் தோணிச்சு பாருங்க, அதுல உண்மை இருக்கு.

முதல் ரெண்டு நாள் என்ன பண்றது? சூடு. விபத்துல அடிபட்டு வீங்கியிருந்தா முதல் ரெண்டு நாளைக்கு ஐஸ், மத்தபடி படுத்து எந்திரிச்ச புடிப்புக்கு சூடுதான் இதம். எங்க வீட்டுல ஹாட் வாட்டர் பேக் இல்ல, அம்மா இரும்புச் சட்டில ரெண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டு அது படபடன்னு பொரியற வரைக்கும் வறுத்து பழைய வேட்டித்துணில மூட்டை கட்டி, முதல்ல தன்னோட முன்கைல வச்சுப் பார்த்துட்டு, அப்புறம் அக்கா தோள்பட்டைல ஒத்தி ஒத்தி எடுத்தாங்க, கால் மணி நேரம், ஆறினா திரும்ப சட்டில வச்சு. அந்த கைல வச்சுப் பார்க்கறது ரொம்ப முக்கியம், அதுவும் சுகர் இருக்கறவங்களுக்கு சூடு உறைக்காம தோல் வெந்து போயிடும், அவங்களுக்கு வேற ஒருத்தர்தான் சூடு பார்த்து வைக்கணும்.

மாத்திரைன்னா சாதாரண பாராசிட்டமால் ஒரு ரெண்டு நாளைக்கு போட்டுக்கலாம், ஆனா மெடிக்கல்ல போய் "கழுத்து வலிக்கு ஏதாச்சும் கொடுங்க"ன்னு கேட்டு அவர் பேப்பர்ல மடிச்சுக் குடுக்கற மூணு கலர் மாத்திரைய வாங்கிப் போடாதீங்க, அதுல இருக்கற வலி மாத்திரைங்க அல்சர் இருக்கறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, பிபிக்கோ ரத்தம் உறையாம இருக்கவோ மாத்திரை எடுக்கறவங்களுக்கு ஒத்துக்காது. கழுத்துப் பட்டை போட்டுக்கிட்டு வாரக்கணக்கா இருக்கறதும் வேண்டாம், தசை வேலை இல்லாம மெலிஞ்சு போகும், டாக்டர் சொன்னா மட்டும் அவர் சொன்ன நாளுக்கு.

சூடு குடுத்து கொஞ்சம் இளகினதும் அசைவு. நாற்காலில நேரா உக்காந்து, மெதுவா வலது பக்கம் திரும்புங்க, வலி ‘இங்க இருக்கேன்'னு சொல்ற இடத்துக்கு ஒரு இம்மி முன்னாடியே நிறுத்துங்க, அங்க ரெண்டு மூச்சு, நடுவுக்கு வாங்க, அப்புறம் இடது. அஞ்சு அஞ்சு தடவை. ஒரே நேரத்துல அம்பது தடவை பண்றத விட மணிக்கு ஒரு தடவை அஞ்சு பண்றது நல்லது, ஏன்னா நாம இங்க தசைய வலுப்படுத்தல, அசைஞ்சா ஒண்ணும் ஆகலன்னு அடிக்கடி ஞாபகப்படுத்தறோம். முதல் நாள் அக்காவால தோள் பக்கம் கால்வாசிகூட திரும்ப முடியல, மூணாம் நாள் சாயந்திரம் முக்கால்வாசி வந்துடுச்சு. கழுத்த வட்டமா சுழட்டறது மட்டும் வேண்டாம்னு மேடம் சொன்னாங்க, முக்கியமா பின்னாடி மல்லாத்தி சுழட்டறது.

வலி குறைஞ்சதும் ரெண்டு பயிற்சி. ஒண்ணு, தாடைய உள்ள இழுக்கறது. பேர் சாதாரணமா இருக்கு ஆனா நிறைய பேர் தப்பா பண்றாங்க, நானும் முதல்ல தப்பாத்தான் பண்ணினேன், குனிஞ்சு தாடைய நெஞ்சுல வைக்கறது இல்ல இது. சுவத்துல முதுகையும் பின்மண்டையையும் ஒட்டி நில்லுங்க, கண்ணு நேரா பார்க்கட்டும், இப்போ தலை மேலயும் கீழயும் ஆடாம தாடை மட்டும் நேரா பின்னாடி போகணும், மேஜை டிராயர மூடற மாதிரி. கழுத்துக்கு முன்னாடி ரெட்டைத் தாடை விழுந்துச்சுன்னா சரியா பண்றீங்கன்னு அர்த்தம், பின்மண்டைக்குக் கீழ லேசா இழுக்கற மாதிரி இருக்கும். அஞ்சு எண்ணி விடுங்க, பத்து தடவை. நாள் பூரா மானிட்டரையும் போனையும் பார்த்து தலை முன்னாடி நீட்டிக்கிட்டே போயிருக்கும் பாருங்க, அத திரும்ப தோளுக்கு மேல கொண்டு வந்து வைக்கற ஆழமான சின்ன தசைங்களுக்கு இதுதான் வேலை.

இன்னொண்ணு, நாம முதல்ல தொட்டுப் பார்த்தோமே, அந்த லெவேட்டர் தசைய நீட்டறது. இடது பக்கம் வலின்னா வலது பக்கம் பாதி திரும்பி, உங்க வலது அக்குள மோந்து பார்க்கற மாதிரி குனிங்க, இடது கை நாற்காலிக்கு அடில புடிச்சுக்கட்டும். வலது கைய தலை மேல சும்மா வைங்க, இழுக்காதீங்க, கையோட கனமே போதும். இருபது, முப்பது செகண்ட். சுருக்குன்னு குத்தினா நிறுத்திடணும், சொகமா இழுக்கற மாதிரி இருந்தா சரி.

இதெல்லாம் பண்ணி சரியாகி அக்கா வேலைக்குப் போனா, ரெண்டு மாசத்துல திரும்ப அதே வலி. அப்போதான் மேடம் கேட்டாங்க, "நீங்க வேலை பார்க்கற டேபிள் எவ்ளோ உயரம்?"

செக்கிங் வேலைய பார்த்தவங்களுக்குத் தெரியும். தச்சு வர்ற ஒவ்வொரு பீஸையும் டேபிள் மேல விரிச்சு, ஓட்டை இருக்கா, ஆயில் கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு உள்ளயும் வெளியயும் திருப்பிப் பார்க்கணும், ஒன்றரை ஷிப்ட்னா காலைல எட்டரைலருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் நின்னபடியே. அக்கா கொஞ்சம் உயரம், டேபிள் அவ இடுப்புக்கு ஒரு சாண் கீழ. ஆக பன்னெண்டு மணி நேரமும் தலை தொங்கிக்கிட்டே இருந்திருக்கு. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, 2014ல நியூயார்க் முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் கம்ப்யூட்டர் மாடல் வச்சுப் போட்டது. தலை நேரா இருக்கறப்போ கழுத்து மேல அஞ்சு கிலோ கிட்ட, 15 டிகிரி குனிஞ்சா 12 கிலோ, 30 டிகிரிக்கு 18, 60 டிகிரிக்கு 27 கிலோ கிட்ட வருதுங்கறார். இத போட்டுப் பயமுறுத்தற வீடியோ நிறைய சுத்துது, என்னைக் கேட்டா பயப்பட ஒண்ணும் இல்ல, கழுத்து குனியறதுக்காகத்தான் இருக்கு, குனியறது தப்பே இல்ல. குனிஞ்சபடியே நிக்கறதுதான் பிரச்சனை. பூ கட்டறவங்க, டைலருங்க, நகைப் பட்டறைல உக்காந்திருக்கறவங்க, கட்டில்ல லேப்டாப்ப மடில வச்சிருக்கற பசங்க, எல்லாருக்கும் ஒரே கதைதான்.

அக்கா சூப்பர்வைசர்கிட்ட கேட்டு டேபிள் நாலு காலுக்கும் கீழ ஒவ்வொரு ஹாலோ பிளாக் வச்சாங்க. அவ்ளோதான். துணி முழங்கை உயரத்துக்கு வந்துச்சு, தலை தொங்கறது பாதியா குறைஞ்சுது. கூடவே ஒரு பழக்கம் வச்சுக்கிட்டா, இருபது பீஸ் முடிஞ்சு கட்டு கட்டறப்போ எல்லாம் ஒரு தடவை நிமிர்ந்து சீலிங் ஃபேன பார்த்து, ரெண்டு தோளையும் காது வரைக்கும் தூக்கி பொத்துனு விட்டுட்டு, ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டுத்தான் அடுத்த கட்டு. பத்து செகண்ட்தான் ஆகுது, பீஸ் கணக்கு ஒண்ணும் குறையலங்கறா. உங்களுக்கு டேபிள் இல்ல, லேப்டாப்னா அதுக்குக் கீழ நாலு கனமான புத்தகம் வச்சு ஸ்கிரீன கண்ணு மட்டத்துக்கு ஏத்திட்டு தனியா ஒரு கீபோர்டு வாங்கிக்கோங்க. போன்னா, பார்க்கற கைய தூக்கி முழங்கைக்கு இன்னொரு கைய முட்டுக் குடுங்க.

தலகாணி விஷயத்துக்கு வரேன். ஒருக்களிச்சுப் படுக்கறவங்களுக்கு காதுக்கும் தோள் முனைக்கும் இருக்கற இடைவெளிய நிரப்பற அளவுக்கு கனமா வேணும், மல்லாந்து படுக்கறவங்களுக்கு மெல்லிசா போதும், கவுந்து படுக்கறது மட்டும் மாத்திக்கப் பாருங்க, ராத்திரி பூரா கழுத்து ஒரே பக்கம் முழுசா திரும்பியே கிடக்கும். அக்கா ரெண்டு இலவம்பஞ்சு தலகாணிய ஒண்ணு மேல ஒண்ணா போட்டு மல்லாந்து படுத்துக்கிட்டு இருந்தா, அதுல ஒண்ண எடுத்தாச்சு. விலை அதிகமான ஸ்பெஷல் தலகாணி வாங்கணும்னு அவசியம் இல்ல.

இன்னொரு பயம், எக்ஸ்ரே. அக்காவுக்கும் எடுத்துப் பார்த்தாங்க, "லேசா தேய்மானம் இருக்கு"ன்னு ரிப்போர்ட் வந்ததும் அம்மா அழவே ஆரம்பிச்சிட்டாங்க. தேய்மானம்ங்கற வார்த்தை அப்படி, ஏதோ எலும்பு கரைஞ்சு போற மாதிரி கேக்குது. ஜப்பான்ல கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, அதுல 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது எலும்புங்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறது, வெளிய பிதுங்கி இருந்துச்சு, இருபதுகள்ல இருக்கறவங்கள்லயே கிட்டத்தட்ட முக்கால்வாசி பேருக்கு. வலியே இல்லாதவங்க! தலை நரைக்கற மாதிரி கழுத்தும் வயசாகுது, படத்துல தெரியறது எல்லாமே வலிக்கறதும் இல்ல, வலிக்கறது எல்லாம் படத்துல தெரியறதும் இல்ல. அதனால ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தைய பார்த்து கழுத்த அசைக்கவே பயப்படாதீங்க.

ஆனா சில நேரம் வீட்டு வைத்தியம் பார்த்துக்கிட்டு உக்காரவே கூடாது. கீழ விழுந்தோ வண்டி மோதியோ கழுத்து வலிச்சா அசைக்காம 108க்கு கூப்பிடுங்க. காய்ச்சல், கடுமையான தலைவலி, வெளிச்சம் பார்த்தா கண்ணு கூசுது, தாடைய நெஞ்சுக்குக் கொண்டு வரவே முடியலன்னா அது மூளைக்காய்ச்சலா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி. திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி கழுத்து வலி வந்து கூடவே தலை சுத்தல், பார்வை ரெண்டா தெரியறது, வாய் குழறலோ, இல்ல கழுத்தும் தாடையும் இடது கையும் சேர்ந்து வலிச்சு நெஞ்ச அடைச்சு வேர்த்துக் கொட்டறதோ இருந்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்க வேண்டாம். சட்டை பட்டன் போட விரல் ஒத்துழைக்கல, நடக்கறப்போ கால் தடுமாறுது, சிறுநீர் கட்டுப்பாடு போச்சுன்னா தண்டுவடம் அழுந்துதான்னு உடனே பார்க்கணும். ராத்திரில தூங்கவே விடாத வலி, காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி கேன்சர் வந்திருந்தது, இதுவும் தள்ளிப் போடற விஷயம் இல்ல.

அப்புறம் நரம்பு வேற மாதிரி பேசும்னு சொன்னேன்ல, அது இதுதான். வலி கழுத்துல நிக்காம கைல மின்சாரம் மாதிரி இறங்கும், விரல் மரத்துப் போகும், புடிச்ச டம்ளர் நழுவும். அதுல எந்த விரல்ங்கறது டாக்டருக்கு பெரிய துப்பு, கட்டை விரல் பக்கம்னா பெரும்பாலும் ஆறாவது கழுத்து நரம்பு, நடு விரல்னா ஏழாவது, சுண்டு விரல்னா எட்டாவது (கழுத்து எலும்பு ஏழுதான், ஆனா கழுத்து நரம்பு எட்டு ஜோடி). அதனால கை மரத்துப் போகுதுன்னு மட்டும் சொல்லாம எந்தக் கை, எந்த விரல், எந்த வேலை பண்றப்போ, எவ்ளோ நேரம் இருக்குதுன்னு ஒரு சீட்டுல எழுதிட்டுப் போய்க் குடுங்க.